மச்சான் வீட்டு ஓட்டில் விழுந்த பல்

போன திங்கட்கிழமை ஒரு சபதம் எடுத்தேன். இந்தத் தடவை என் மனைவி வெள்ளையம்மாளை ஜெயித்தே தீருவது.

விஷயம் பல். எங்கள் மகள் சேதுவுக்கு ஏழு வயது. முன்பல் விழுந்து எட்டு மாதமாகியும் புதுப்பல் முளைக்கவில்லை. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து சொந்த வீட்டுக் கூரையில் எறிவதுதான் வழக்கம். பல் விழுந்த அன்று அம்மாவும் மகளும் கடலாடியில், என் மச்சான் மலையாண்டி வீட்டில் இருந்தார்கள். அவன் வீட்டு ஓட்டிலேயே எறிந்துவிட்டு வந்தார்கள். அந்த ஓட்டில் சுரைக்கொடிகூட ஏறியதில்லை.

"ஈறுக்குள்ள பல்லே இருக்காது. உங்க அண்ணன் வீட்டு ராசி அப்படி," என்றேன்.

"இருந்துச்சுன்னா?"

"நீ சொல்றதக் கேக்குறேன். இல்லேன்னா ஒரு வருசத்துக்குக் கடலாடிப் பேச்சே எடுக்கக் கூடாது."

அவள் உடனே ஒத்துக்கொண்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை சாயல்குடியிலிருந்து பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் பல் டாக்டர் மஜீதாவிடம் போனோம். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும், சின்ன பிலிமை ஒரு நிமிஷம் கடித்துக்கொண்டால் போதும் என்றார். சேது வாயைத் திறக்கவில்லை. கெஞ்சினேன், மிரட்டினேன். உப்பு மூட்டையைத் தைத்த மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டாள். என் வெற்றியோ அந்த வாய்க்குள் இருந்தது. கடைசியில், அய்யா, அதாவது நான், முதலில் கடித்துக் காட்டட்டும் என்றாள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். என் கடைவாய்ப்பல் இரண்டு மாதமாக உயிரை எடுக்கிறது. கிராம்பை அதக்கிக்கொண்டு, வாசனைப் பாக்கு என்று வீட்டில் சொல்லி வந்தேன். பல் டாக்டர் என்றால் எனக்கு அவ்வளவு பயம். ஆனாலும் சபதம் சபதம்தான். நாற்காலியில் ஏறி வாயைப் பிளந்தேன்.

எட்டிப் பார்த்த டாக்டர், உங்களுக்கே அவசியம் படம் எடுக்க வேண்டும் என்றார். மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி இறங்கி ஓடுவது? எடுத்தார்கள். உடனே வெள்ளையம்மாள் லேசாகக் கண்ணைக் காட்டினாள். சேது சமர்த்தாக ஏறி உட்கார்ந்து பிலிமைக் கடித்தாள்.

டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்தார். சேதுவின் ஈறுக்குள் புதுப்பல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. சீக்கிரம் வெளியே வந்துவிடுமாம். என் பல் வேர்வரை சொத்தை. எடுத்துவிடலாமா என்று கேட்டார். அறுவடை முடியட்டும் என்றேன்.

"நான் சொல்றதக் கேக்குறேன்னு சொன்னீகள்ல," என்றாள் வெள்ளையம்மாள். "ரெண்டு மாசமா கிராம்பு டப்பா காலியாகுறது எனக்குத் தெரியாதாக்கும்?"

பிடுங்கிய பல்லைப் பொட்டலம் கட்டி அவளிடம்தான் கொடுத்தார்கள். நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு, பேச வழியில்லாமல், பஸ் ஸ்டாண்டில் சாயல்குடி வண்டியை நோக்கி நடந்தேன். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அங்கன எங்க போறீக? கடலாடி பஸ்சு இங்கன நிக்கிது. சாணி எடுத்து வைக்கச் சொல்லி அண்ணனுக்கு நேத்தே போன் போட்டுட்டேன்."