ஏணி வண்டி கேட்கப் போன கதை

ஒஸ்லோ நகரசபைக் கட்டடத்தில் அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். பஸ் கழுவுகிற வேலை. எட்டாம் வகுப்பு வரை படிப்பு.

என் மனைவி மலர். இரண்டு முழங்காலும் பழுது. கையில் ஊன்றுகோல்.

சிவம் அண்ணை. எங்கள் பகுதியான அம்மருட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கள்ளர் கடையை இரண்டு தரம் உடைத்துவிட்டார்கள்.

கார்த்திக். எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடி. மதுரைப் பக்கத்துப் பிள்ளை, கொம்பியூட்டர் வேலை. வந்து மூன்று வருடம்தான். என்னைவிட நன்றாக நோர்வே மொழி பேசுவான்.

குழுவின் தலைவி. என் மூத்த மகளின் வயதிருக்கும்.

குழு உறுப்பினர்கள். எண்ணவில்லை. எல்லோர் முன்னாலும் தண்ணீர்க் கிளாஸ் இருந்தது.

தீயணைப்பு அதிகாரி ஒருவர். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டி.

பொலிஸ் அதிகாரி ஒருவர். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்.

அந்தத் தொப்பியையும் ஓர் ஆளாகச் சேர்க்க வேண்டும். நடந்த நாசத்தில் அதற்குத்தான் பெரிய பங்கு.

நாங்கள் இருப்பது பன்னிரண்டாம் மாடி. போன வருடம் பனிக்காலத்தில் ஐந்தாம் மாடியில் யாரோ எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு டெலிபோன் கதைத்திருக்கிறார்கள். நெருப்பு. லிஃப்ட் நின்றுவிட்டது. மலரால் படி இறங்க முடியாது. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். நான் முன்னால், பின்பக்கமாக இறங்கினேன். (விழுந்தால் பிடிக்கலாம் என்று. விழுந்திருந்தால் இரண்டு பேரும்தான்.) ஐந்தாம் மாடிக்கு வந்தபோது தீயணைப்புக்காரர் வேலை முடித்துக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு வணக்கம் சொன்னார்கள்.

கீழே வந்து மலர் ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

“இனி நெருப்பு எண்டால் நான் பல்கனியிலைதான் நிப்பன், ஏணியைக் கொண்டுவந்து இறக்கட்டும்.”

அதன் பிறகு அவளுக்கு அந்த ஏணி வண்டிதான் நம்பிக்கை. பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது ஜன்னலால் எட்டிப் பார்த்து, நிற்கிறதா என்று உறுதி செய்வாள்.

பிறகு கார்த்திக் ஒரு செய்தி கொண்டுவந்தான். ஏணி வண்டியை நகரத்தின் மற்றப் பக்கத்து நிலையத்துக்கு மாற்றப் போகிறார்களாம். நகரசபையில் ஒரு குழு இதைப் பேசப் போகிறதாம். சனம் போய்க் கருத்துச் சொல்லலாமாம். ஐந்து நிமிடம் தருவார்களாம்.

அவனே விளக்கினான். தீயணைப்பு நகரசபையின் கையில். பொலிஸ் அரசாங்கத்தின் கையில். ஆனாலும் குழு இரண்டு பகுதியையும் கூப்பிட்டு உட்கார வைத்து, உங்களுக்கு என்ன தேவை, சனத்துக்கு என்ன குறை என்று கேட்குமாம். நான் நம்பவில்லை. சீருடைக்காரரைக் கூப்பிட்டு வைத்துச் சாதாரண சனம் கேள்வி கேட்பதா? (ஊரில், சண்டைக் காலத்தில், கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.)

நான் பேசுவது என்று முடிவானது. ஏன் நான் என்றால், நான் பயமில்லாதவன் என்று முப்பது வருடமாக வீட்டில் சொல்லி வந்திருக்கிறேன். கடை உடைத்ததையும், பொலிஸ் அடுத்த நாள் பின்னேரம் வந்ததையும் சிவம் அண்ணை சொல்வார். ஏணி வண்டி என் பொறுப்பு.

கார்த்திக் எழுதித் தந்தான். சின்னப் பேச்சு. மூன்று கிழமை பாடமாக்கினேன். பஸ் கழுவும்போது பஸ்ஸுக்குச் சொன்னேன். நுரையோடு நின்று கேட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மலர் பரீட்சை வைப்பாள். “பிழையில்லை, ஆனால் கெஞ்சுற மாதிரிக் கதையாதையுங்கோ” என்பாள்.

அன்றைக்குக் கோட் போட்டேன். கல்யாணக் கோட். பொத்தான் பூட்டவில்லை, பூட்டவும் முடியாது.

எங்கள் முறை வந்தது. ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றேன். தலைவி சிரித்தாள். வரவேற்றாள். தீயணைப்பு, பொலிஸ், இரண்டிலும் உங்கள் அனுபவம் என்ன, மனம்விட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அப்போது பொலிஸ் அதிகாரி பேனையை எடுத்தார். என்னைப் பார்த்தார். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வராமல் இருந்திருந்தால் தப்பியிருப்பேன்.

என் கை தானாகப் பின்பக்கப் பொக்கற்றுக்குப் போனது. பேர்ஸை எடுத்தது. அடையாள அட்டையை எடுத்தது. மேசையில் வைத்தது. படம் மேலே. எழுத்து அவர் வாசிக்கிற பக்கமாக. ஒருவரும் கேட்கவில்லை. சத்தியமாக ஒருவரும் கேட்கவில்லை.

தலைவி அட்டையைப் பார்த்தாள். பொலிஸ் அதிகாரி அட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இது எப்படி இங்கே வந்தது என்றுதான் நானும் யோசித்தேன்.

பிறகு என் வாய் பேசியது. நோர்வே மொழியில், ஒரு பிழை இல்லாமல்.

“ஒரு பிரச்சினையும் இல்லை. எல்லாம் நல்லது. நன்றி.”

ஊரில் இராணுவம் மறித்து அடையாள அட்டை கேட்ட சென்றிப் பொயின்ற்றில் பத்து வருடம் சொன்ன வசனம். வேறு மொழிகளில் சொன்னது. இங்கே வந்து முப்பது வருடம் அது உள்ளே பேசாமல் இருந்திருக்கிறது. சரியாக அன்றைக்கு எழும்பியது.

தலைவி குழம்பினாள். கார்த்திக் என் பெயரில் அனுப்பியிருந்த கடிதத்தைப் பார்த்தாள். ஏணி வண்டி பற்றி எழுதியிருக்கிறீர்களே என்றாள்.

“ஏணி வண்டி நல்லது” என்றேன்.

அதை மாற்றினால் உங்களுக்குப் பாதிப்பு என்று எழுதியிருக்கிறதே என்றாள்.

“மாற்றினாலும் நல்லது” என்றேன்.

யாரோ ஒரு மடையன் பேசுகிறான், அவனை யாராவது இருத்துங்கள் என்று நினைத்தேன். அந்த மடையன் என் கோட்டைப் போட்டிருந்தான்.

சிவம் அண்ணை என்னைக் காப்பாற்ற எழும்பி வந்தார். வரும்போதே பேர்ஸ் கையில். தன் அடையாள அட்டையை என் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். சாரதி அனுமதிப் பத்திரத்தையும் வைத்தார். (அவர் எப்போதும் ஒன்று கூடத்தான் செய்வார்.) உங்கள் கடை இரண்டு தரம் உடைக்கப்பட்டதாமே என்று தலைவி கேட்டாள். சின்ன உடைப்பு என்றார் சிவம் அண்ணை. பொலிஸ் மிக நல்ல ஆட்கள் என்றார். களவெடுத்தவர்களைப் பற்றியும் குறையாக ஒன்றும் சொல்லவில்லை.

தீயணைப்பு அதிகாரி நல்ல மனிதர். இது எங்கள் வழக்கம் என்று நினைத்துவிட்டார் போல. நெஞ்சில் கொழுவியிருந்த தன் அட்டையைக் கழற்றி, மரியாதையாக எங்கள் அட்டைகளோடு சேர்த்து வைத்தார். அதைப் பார்த்து ஓர் உறுப்பினர் தன் கைப்பையைத் தேடத் தொடங்கினாள்.

கார்த்திக் எனக்குப் பின்னால் வந்து நின்று காதில் சொன்னான்.

“அண்ணே, கம்ப்ளெயின்ட் பண்ண வந்துட்டு சர்டிபிகேட் குடுத்துக்கிட்டு இருக்கீங்க.”

“தெரியும் தம்பி, நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு” என்றேன்.

எனக்குப் பதிலாக அவன் பேசட்டும் என்றால், பேசுவதற்குப் பதிந்தது என் பெயரும் சிவம் அண்ணையின் பெயரும்தான். இடையில் ஆள் மாற்ற முடியாதாம். தலைவி மணிக்கூட்டைப் பார்த்தாள். இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது, வேறு ஏதாவது உண்டா என்றாள். நான் நன்றி என்றேன். மூலையிலிருந்த பெண் தட்டெழுதினாள். அந்தத் திரை சுவரில் பெரிதாகத் தெரிந்தது. வந்த குடியிருப்பாளர்கள் சேவையில் திருப்தி தெரிவித்தார்கள், மாற்றத்துக்கு எதிர்ப்பு இல்லை. வாசித்தேன். மூன்று கிழமை பாடமாக்கியதன் பலன் அது.

அப்போது ஊன்றுகோல் நிலத்தில் குத்துகிற சத்தம் கேட்டது.

“மலர், நீர் இரும்” என்றேன். அவள் இருக்கவில்லை.

மலர் வயோதிபர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தவள். அவளுடைய நோர்வே மொழியில் சொற்கள் குறைவு. இருக்கிற சொல் எல்லாம் கட்டளை. எழும்பு, இரு, மருந்துக் குளிசையைப் போடு. அந்த மொழியில்தான் தலைவியோடு பேசினாள். எங்கள் மொழியில் சொன்னால் இப்படி வரும்:

“இவர் பொய் சொல்லுறார். இவ்வளவு நேரமும் அந்தத் தொப்பியோடை கதைச்சவர். உங்களோடை இல்லை.”

மலர் மேசைக்குப் போனாள். பொலிஸ் அதிகாரியின் தொப்பியைத் தூக்கினாள். அவருடைய கையிலேயே கொடுத்தாள்.

“இதைக் கீழை வையுங்கோ.”

அவர் வைத்தார். கதிரைக்குக் கீழே.

எங்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். குடியுரிமை எடுத்து இருபது வருடத்துக்கு மேல். பேரப்பிள்ளை இங்கே பிறந்தவன். ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். எந்தச் சூட்கேஸ் பெரியது என்றுகூட யோசித்தேன்.

மலர் தீயணைப்பு அதிகாரி பக்கம் திரும்பினாள். பன்னிரண்டாம் மாடியிலிருந்து உட்கார்ந்து இறங்கியதைச் சொன்னாள். எப்படி உட்கார்ந்தாள் என்று கையால் காட்டினாள். உறுப்பினர்களில் ஒருவர் சிரிக்கப் பார்த்து விட்டுவிட்டார். பிறகு கேட்டாள்.

“நீங்கள் வண்டியை மாத்தினால் நான் பல்கனியிலை எவ்வளவு நேரம் நிக்க வேணும்?”

அவர் தாளைப் புரட்டினார். இன்னொரு தாளைப் புரட்டினார். அந்தக் கட்டடத்துக்குத் தனியாகக் கணக்குப் பார்க்கவில்லை என்றார்.

“பாத்துச் சொல்லுங்கோ. நான் இருக்கிறன்.”

சொல்லிவிட்டு அங்கேயே ஒரு கதிரையில் உட்கார்ந்தாள். அது ஓர் உறுப்பினரின் கதிரை. அவர் நின்றார்.

ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. தலைவி மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. மூலையிலிருந்த பெண்ணிடம் முதல் எழுதியதை அழிக்கச் சொன்னாள். கட்டடம் கட்டடமாகக் கணக்குக் கொண்டுவரும் வரை முடிவில்லை என்று குழு தீர்மானித்தது.

வெளியே வரும்போது பொலிஸ் அதிகாரி அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் வந்தார். எனக்குச் சிவம் அண்ணையின் அட்டையைத் தந்தார். அவருக்கு என்னுடையதைக் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம். (திருத்த யாருக்குத் துணிவு. ரயில் ஸ்டேஷனில் வைத்து மாற்றிக்கொண்டோம்.) அவர் மெதுவாகச் சொன்னார், இங்கே கேட்காமல் காட்டத் தேவையில்லை என்று. நான், ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன்.

ரயிலில் மலர் கார்த்திக்கின் பக்கத்தில் போய் இருந்தாள். அம்மருட் வரப்போகும்போது என் பக்கம் திரும்பிக் கேட்டாள். “பஸ்ஸுக்குச் சொன்ன மாதிரி அந்தத் தலைவி மனிசிக்குச் சொல்லியிருக்கலாம்தானே?”

சொல்லியிருக்கலாம்தான்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. ஏணி வண்டி எங்கள் நிலையத்திலேயே நிற்கும். கட்டடம் முழுக்க மலருக்கு மரியாதை. லிஃப்டில் ஆட்கள் இடம் விட்டார்கள். பொலிஸ் சிவம் அண்ணையின் கடைக்கு வந்து அந்தச் சின்ன உடைப்பைப் பற்றி இரண்டு மணித்தியாலம் எழுதிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் சின்னவனாகிப் போனேன். பிறகு எந்தக் கேள்விக்கு நான் நல்லது என்று சொன்னாலும், சின்ன மகள் தன் நூலக அட்டையை எடுத்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பாள்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

இலையுதிர்காலத்தில் தீயணைப்பு நிலையத்தை ஒருநாள் சனத்துக்குத் திறந்துவிட்டார்கள். மலர் வடை சுட்டாள். எல்லோரும் போனோம். ஏணி வண்டி கழுவித் துடைத்து நின்றது. (நல்ல கழுவல். அதில் எனக்கு அனுபவம் உண்டு.) மலர் அதன் பக்கத்தைத் தடவினாள். படம் எடுக்கச் சொன்னாள். ஓர் இளம் தீயணைப்புக்காரன் பிள்ளைகளுக்காக ஏணியை மேலே விட்டுக் காட்டினான். ஏணி போனது. இன்னும் போனது. பிறகு நின்றது.

இது எத்தனையாம் மாடி மட்டும் வரும் என்று மலர் கேட்டாள். அவன் பெருமையாகச் சொன்னான். சின்ன மகள் திரும்பக் கேட்டாள். அதையே திரும்பச் சொன்னான். எங்கள் பல்கனி அதற்கும் மூன்று மாடி மேலே.

அதற்கு மேலே இருப்பவர்கள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருக்க வேண்டும், நாங்கள் படியால் வந்து கூட்டிக்கொண்டு போவோம் என்று அவன் விளக்கினான். பிறகு மலரைப் பார்த்துக் கேட்டான், உங்கள் வீடு எந்த மாடி என்று.

மலர் ஏணியைப் பார்த்தாள். அவனுடைய சீருடையைப் பார்த்தாள். அவன் கையில் பாதி கடித்த வடை இருந்தது.

“ஒரு பிரச்சினையும் இல்லை” என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன், பிறகு வீட்டுக்குப் போயிருக்க முடியாது.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது எதையாவது வென்றுவிட்டேன் என்று வந்தால் ஒரே கேள்விதான். மூத்த மகளுக்குச் சம்பளம் கூடியபோதும் கேட்டோம். கார்த்திக் கார் வாங்கி வந்து நின்றபோதும் கேட்டோம். எத்தனையாம் மாடி மட்டும் வரும் என்று ஒருவர் கேட்பார். மற்ற எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வோம். மலரும்தான்.

ஒன்பது.