ஒன்பது கையெழுத்தும் ஒரு கைநாட்டும்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வட்டார அதிகாரி வருகிறார் என்று போனில் செய்தி வந்தபோது, பெத்தணன் ஊராட்சி அலுவலகத்தில் தயிர்ச்சோற்றுத் தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தான். கேட்டதும் மூடிவிட்டான். அன்று செவ்வாய்க்கிழமை.

வருகிறவர் சும்மா வரவில்லை. ஆபத்துக்கால உதவிப் பட்டியலில் ஊர் எழுதிக் கொடுத்திருக்கிற அத்தனையையும் ஒத்திகை நடத்திக் காட்ட வேண்டுமாம்.

சுனாமி வந்துபோன பிறகு, கடலையே பார்க்காத ஊர்களுக்கும் ஒரு படிவம் வந்திருந்தது. ஆனைக்குட்டத்துக்கு மேற்கே இருக்கும் கரிசல்மேட்டுப்பட்டிக்கும் வந்தது. இங்கே கடல் இல்லையே தவிர, வீட்டுக்கு ஒருவர் பட்டாசிலோ தீப்பெட்டியிலோ வேலை பார்ப்பவர்தான். ஆபத்து வந்தால் ஊரில் என்ன இருக்கிறது, யார் தருவார்கள் என்று கூட்டம் போட்டுக் கேட்டு, ஒவ்வொருவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

கூட்டம் போட்டால் சண்டை வரும் என்பது ஒன்பது வருடமாக ஊராட்சி எழுத்தராக இருக்கும் பெத்தணனின் அனுபவம். அதனால் முனியராஜ் டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு டீ ஆறுவதற்குள் பத்துப் பெயரையும் தானே எழுதி முடித்தான். தண்ணீர் டேங்கரும் டிராக்டரும் சங்கையா. சங்கு, தீப்பெட்டிக் கம்பெனி ஜெயச்சந்திரன். முதலுதவி பஞ்சம்மாள். ஒன்பது பேருக்கு மூன்று பேனா மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டான். பஞ்சம்மாளுக்கு மட்டும் தன் இடது பெருவிரலை மையில் தொட்டு உருட்டினான். எல்லோரும் கையெழுத்தே போட்டிருந்தால் சந்தேகம் வருமல்லவா?

கடைசி வரியை அவன் எழுதவில்லை, படிவத்திலேயே அச்சாகியிருந்தது. 'இவை போதாதபோது, வட்டாரப் பட்டியலில் உள்ள பெரிய தண்ணீர் வண்டி அனுப்பப்படும்.' அதைப் படித்தபோது அவன் மனசாட்சிக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டில் பெருமையடித்துக்கொண்டதுதான் தப்பு. அவன் மனைவி இசைவாணி கீழ்க்காட்டுப் பட்டாசுக் கம்பெனியில் திரி வேலைக்குப் போகிறவள். சங்கு ஊதின பத்தாவது நிமிடம் தண்ணீர் வந்து நிற்கும், எங்க வீட்டுக்காரர் ஏற்பாடு பண்ணியிருக்கார் என்று தான் வேலை பார்க்கும் தகரச் செட்டில் இருந்த பெண்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை மெச்சியது அந்த ஒரு தடவைதான்.

பெத்தணன் முதலில் சங்கையா வீட்டுக்குப் போனான். டிராக்டர் தருவதில் அவருக்குத் தயக்கமில்லை. ஆனால் உதவிக்கு ஒரு குழு என்றால், அதற்குத் தலைவர் யார் என்று கேட்டார்.

"நீங்கதான் அண்ணாச்சி. வேற யாரு இருக்காக?" என்றான்.

ஜெயச்சந்திரனிடம் போனால், சங்கையா தலைவராக இருக்கும் குழுவுக்குத் தன் கம்பெனிச் சங்கு ஊதாது என்றார். அவரையும் தலைவராக்கினான். தீப்பெட்டி ஒட்டும் பெண்களுக்குத் தீப்புண் பட்டால் கற்றாழை தடவிவிடும் பஞ்சம்மாள், மகளிர் குழுவிலிருந்து ஒருத்தி தலைவியாக இல்லாமல் பெண்கள் ஏன் வரவேண்டும் என்று கேட்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அவளுக்கும் தலையாட்டினான்.

அடுத்து, தீக்காயம் பட்டவராகப் படுக்க ஓர் ஆள் வேண்டும். பதினோரு பேரைக் கேட்டான். பொய்க்குக்கூட அப்படிப் படுக்க ஒருவரும் ஒப்பவில்லை. இரண்டு வீட்டில் கேட்டதுமே கதவைச் சாத்தினார்கள். அந்த ஊரில் அதற்குக் காரணம் யாரும் கேட்பதில்லை. கடைசியில் தானே படுத்துக்கொள்வதாக முடிவு செய்தான்.

வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் பெத்தணன். பஞ்சம்மாள் கற்றாழைச் சாற்றைப் பூசி, பழைய வேட்டியைக் கிழித்துத் தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் சுற்றியிருந்தாள். ஒரு கண்ணை மட்டும் விட்டிருந்தாள். இசைவாணி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, புருஷன் செய்த ஏற்பாட்டைப் பார்க்க வந்து நின்றாள்.

பத்து மணிக்குச் சங்கு ஊதியது. அந்த ஊரில் பத்து மணிச் சங்கு என்றால் டீ. தீப்பெட்டிக் கம்பெனியில் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்க உட்கார்ந்தார்கள்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ஆபத்து என்று தெரிவிக்க யாரோ ஒரு அணுகுண்டு வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். தினமும் சாம்பிள் வெடித்துப் பார்க்கும் ஊரில் அதற்கு ஒரு நாய்கூடத் திரும்பவில்லை.

அப்போதுதான் சங்கையாவின் டிராக்டர் டேங்கரை இழுத்துக்கொண்டு ஆரன் அடித்தபடி வந்தது. ஊரில் குழாய்த் தண்ணீர் வந்து பதினோரு நாளாகியிருந்தது. நான்கு தெருவிலிருந்தும் பிளாஸ்டிக் குடங்கள் ஓடிவந்தன. இது தீக்கு வந்த தண்ணீர் என்று சங்கையா கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கால் மணி நேரத்தில் டேங்கர் காலி. குழாய் நுனியில் சொட்டியதற்கும் ஒரு செம்பு வைத்திருந்தார்கள். பெத்தணன் அத்தனையையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

அதிகாரி குழுத் தலைவரைக் கூப்பிட்டார். மூன்று பேர் முன்னால் வந்தார்கள். யார் யாருக்கு வாக்குக் கொடுத்தது என்று ஆளுக்கு ஆள் பேச ஆரம்பிக்க, அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்து, எல்லோரும் சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று நீட்டினார்.

சங்கையா வாங்கி, தன் பெயருக்கு நேரே என்று அதிகாரி காட்டிய இடத்தில் வளைத்து வளைத்துப் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்திருந்ததைப் பார்த்தார்.

"எனக்கு எழுத வராதுங்க. பத்திர ஆபீசுலயும் கைநாட்டுத்தான்," என்றார்.

அதிகாரியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் ஜீப் பக்கம் திரும்பித் தன் டிரைவரைப் பார்த்தார்.

அடுத்துப் பஞ்சம்மாள் படிவத்தை வாங்கினாள். அறிவொளி வகுப்பில், நாற்பத்தைந்து வயதில், சிலேட்டில் எழுதி எழுதி அழித்துத் தன் பெயரைக் கற்றுக்கொண்டவள் அவள். அதற்குப் பிறகு ரேஷன் கடையில் மைப்பெட்டியை நீட்டினால், தள்ளிவிட்டுப் பேனா கேட்பாள். இது ஊருக்கே தெரியும். பெத்தணனுக்கும் தெரியும். டீ ஆறுகிற அவசரத்தில் நினைவு வரவில்லை.

"எம் பேருக்கு நேரா இருக்கது யாரு பெருவெரலு?" என்று கேட்டாள்.

பெத்தணன் இடது கையை மெதுவாகக் கட்டுத் துணிக்குள் இழுத்துக்கொண்டான். அவள் அதைப் பார்த்துவிட்டாள். சற்று முன்னால் அந்த விரலுக்குக் கற்றாழை பூசியவளும் அவள்தான்.

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே கையெழுத்துப் போட்டிருப்பேன் தம்பி," என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் திட்டவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. அந்த இன்னொரு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருக்கக் கூடாதா என்று நினைத்தான்.

இசைவாணி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் இடுப்பிலும் ஒரு குடம் தண்ணீர் இருந்தது.

"அப்ப எங்க செட்டுல தீப்பிடிச்சா யாரு வருவா?"

"வட்டாரப் பட்டியல்ல பெரிய வண்டி இருக்கு. அது வந்துரும்," என்றான். துணிக்குள்ளிருந்து வந்த குரல் அவனுக்கே கேட்கவில்லை. அவள் குடத்தோடு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அதிகாரி ஒரு வார்த்தைகூடக் கண்டிக்கவில்லை. படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மெமோ கொடுப்பவர்கள் கத்துவார்கள். கத்தாதவர் இன்னும் பெரிதாக என்னமோ செய்யப்போகிறார் என்று பெத்தணன் பயந்தான். வேட்டிக் கிழிசல் பின்னால் இழுபட, எழுந்து ஓடினான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இனி மறைக்க என்ன மானம் மிச்சம் இருக்கிறது?

வண்டிக்கு வெளியே நின்ற ஊர்க்காவலன் என்ற டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டான். பத்து வீட்டுக்கும் நானே நடந்து போய்க் கேட்டு, அவரவர் கையாலேயே வாங்கித் தருகிறேன் என்று சாரிடம் சொல்லுங்கள் என்றான். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுக்கட்டும், அந்தப் பெரிய தண்ணீர் வண்டியை மட்டும் இன்றைக்கு ஒரு நடை கீழ்க்காட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், என் பெண்டாட்டி ஒரு தடவை கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று கெஞ்சினான்.

ஊர்க்காவலன் ஜீப்புக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, வட்டாரப் பட்டியல்ல இருக்க பெரிய வண்டியே உங்க சங்கையா டிராக்டருதான். அவருக்குக் கையெழுத்து வராதுன்னு, அந்தப் பட்டியல்ல அவரு பேருக்குப் போட்ட எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்."