ஹவில்தார் மனைவி ஓடிப்போன வாக்கியம்

ஜனக்புரி, தில்லி
11.2.1998

அன்புள்ள தம்பி சுப்புவுக்கு, அண்ணன் கலியமூர்த்தி எழுதிக்கொள்வது. நீயும் காமாக்ஷியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். என் சௌக்கியத்துக்கு வெள்ளிக்கிழமை வரைதான் உத்தரவாதம்.

இங்கே காலனியில் நம் தமிழ்ப் பெண்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன் அல்லவா, போன மாதம் 'ரன்' என்ற சொல்லை எடுத்தேன். ஓடுவது மட்டுமா ரன்? கடை நடத்தினால் ரன், மூக்கு ஒழுகினால் ரன், தேர்தலில் நின்றால்கூட ரன். உதாரணத்தில் தெரிந்தவர் பெயர் இருந்தால் மனதில் பதியும் என்பது என் முப்பத்தோரு வருஷப் பழக்கம். ஆகவே கஸ்தூரிரங்கனைக் காலனி செக்ரட்டரி தேர்தலில் நிறுத்தினேன், சந்திரம்மாளுக்கு மூக்கு ஒழுகவிட்டேன், ஓடிப்போவதற்கும் ஆள் வேண்டுமே என்று 'சாந்தகுமாரி ராஜசேகரனோடு ஓடிப்போனாள்' என்று எழுதி எல்லாருக்கும் ஜெராக்ஸ் கொடுத்தேன். பக்கத்து பிளாக் ராஜசேகரனுக்கு எழுபது வயது, மாடிப்படி ஏறவே கைத்தாங்கல் வேண்டும், யார் நம்புவார்கள் என்ற தைரியம். வகுப்பில் இருந்த சாந்தகுமாரியோ தன் பெயர் இங்கிலீஷில் வந்த பூரிப்பில், அர்த்தம் பார்க்காமலே தாளை ஜம்முவில் பட்டாளத்தில் இருக்கும் புருஷனுக்குத் தபாலில் அனுப்பிவிட்டாள். அந்தப் புருஷன், ஹவில்தார் பெரியண்ணன், எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். முந்தாநாள் அவள் சிரித்த முகமாக வந்து, "சார், அவரு லீவு போட்டுட்டு வெள்ளிக்கெழம வர்றாரு. வீட்டுக்குக்கூட அப்புறந்தானாம், மொதல்ல வாத்தியாரப் பாக்கணுமாம்" என்றாள். அன்றிலிருந்து காலிங் பெல் அடித்தால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன். பால்காரர் இரண்டு நாளாகத் திரும்பிப் போகிறார். உன் அண்ணி, "எம்பேரப் போட்டிருந்தா கேக்க ஆளில்ல, ஊரான் பொண்டாட்டிதான் கெடச்சாளா?" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ரயிலில் இடம் இல்லை. நடுவில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது, தம்பி. உயிரோடு திருச்சி வந்தால் உன் மாடி அறையில் ஒரு மாதம் இருக்கிறேன். யார் கேட்டாலும் நான் வரவில்லை என்று சொல்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லாரும் நன்றாக இருங்கள்.

உன் அண்ணன்,
கலியமூர்த்தி

பி.கு.: இதைத் தபாலில் போட இறங்கினால், படியில் எதிரே பெரியண்ணன், இரண்டு நாள் முன்னதாகவே. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "தப்பாப் போட்டுட்டீங்களே சார். அவ ஓடி வந்தது எங்கூட. பதினாலு வருசமாச்சு. பேர மாத்திக் குடுங்க, கேம்ப்புல காட்டணும்" என்றார். படியிலேயே உட்கார்ந்து சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். கையெழுத்துதான் கொஞ்சம் கோணல்.