தேவயானிக்கு ஐந்துக்கு மூன்றரை

செய்யுளைக் கூறு போடுகிறவர் என்று ஓர் இனம் நம் நாட்டில் செழித்து வளர்ந்து வருகிறது. கறிக்கடைக்காரர் ஆட்டைப் பார்க்கிற கண்ணோடுதான் அவர் பாட்டைப் பார்ப்பார். ஆடு எங்கே மேய்ந்தது, எப்படித் துள்ளியது என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத சங்கதி. இது அடி, இது சீர், இது தொடை என்று துண்டு துண்டாக வெட்டி, தனித்தனியாகக் கொக்கியில் மாட்டி, கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தால் அன்றைய பொழுது அவருக்கு நிறைந்த பொழுது. ஆடு செத்துப்போன விஷயம் மட்டும் கடைசிவரை அவருக்குத் தெரியாது.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். மினி பஸ்ஸின் முதுகில் எழுதியிருக்கிற இரண்டு வரியில் மோனை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்று, பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வருவாரே, அவர்தான். சாவு வீட்டுக்குப் போனால், அழுகிறவளுடைய மூன்றாம் அடியில் எதுகை தப்பிவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர் காதைக் கடிப்பாரே, அவரேதான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சொந்தக் கையால் சம்பாதித்து மாடி வீடு கட்டின என்னைப் போன்றவர்களுக்கு இந்த நோய் தொற்றுவதில்லை. இதை அடக்கமாகச் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஜவ்வாது மலையில் இந்த இனத்துக்குத் தலைமகன் மோகன். தமிழில் எம்.ஏ., அதற்கு மேல் ஒரு பி.எட். ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தான். அவனிடம் படித்த பிள்ளைகள் பாட்டைப் படிப்பதற்கு முன்பே விடையை எழுதிவிடும். முதலில் அணி விளக்கம், பிறகு எடுத்துக்காட்டு, அப்புறம் அணிப்பொருத்தம். நடுவில் பாட்டு என்று ஒன்று இருப்பது தற்செயல்.

“‘போல’ கண்ணுல பட்டுதா, உவமை அணின்னு எழுது, அடுத்த கேள்விக்குப் போ. அந்தாளு ஏன் எழுதினான், யாருக்கு எழுதினான்னு குந்திகினு யோசிச்ச, பரிட்சையில மணி அடிச்சிருவான்” என்பது அவனுடைய உபதேசம். பிள்ளைகளும் மார்க்கு வாங்கின. யார் இல்லை என்றார்கள்?

இப்படிப்பட்டவனுக்கும் நெஞ்சு என்று ஒன்று இருந்தது. அதில் தேவயானி இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புவரை கூடப் படித்தவள். இப்போது பெண்கள் குழு நடத்துகிற சாமை மில்லில் மிஷின் ஓட்டுகிறாள். அவளுடைய அப்பா ராஜவேலு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்.

“பையன் வூட்டுல இருந்து வெத்தலை பாக்கோட வந்து கேக்கட்டும், குடுக்கறேன். நானா போயி என் பொண்ணைக் கட்டிக்கோன்னு எவன் வாசல்லயும் நிக்க மாட்டேன்.”

நியாயமான பேச்சு. அம்மா மங்கம்மாளை அழைத்துக்கொண்டு, ஒரு கவுளி வெற்றிலையோடு மோகன் அந்தப் படியேறினால் காரியம் முடிந்தது. படி எவ்வளவு தூரம்? பீடி ஒன்று பற்றவைத்தால் அது அணைவதற்குள் போய்விடலாம். ஆனால் அவனோ, காலாண்டுப் பரீட்சை முடியட்டும், அரையாண்டு முடியட்டும் என்று இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டான். கார்த்திகை பிறந்தது. செங்கத்தில் மோட்டார், பைப்புக் கடை வைத்திருக்கிற சரவணகுமார் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது.

தேவயானி எத்தனையோ தரம் வெறும் பேச்சில் சொல்லிப் பார்த்தவள். இந்த மனுஷனுக்கு உரைநடை ஏறாது, செய்யுளாகச் சொன்னால் ஏறும் என்று நினைத்தாள், பாவம். மில் ஓடுகிற சத்தத்தில் நின்றுகொண்டே போனில் நாலு வரி தட்டி அனுப்பினாள்:

சாமைக் கதிரெல்லாம் தலைசாஞ்சி நிக்குது
ஆமை போல் நீயும் அசையாம குந்திகீற
வெள்ளிக் கிழமை வூட்டுக்கு வேறாளு வர்றாங்க
தள்ளிப் போடாத, தாவி வா மோகனு

மோகன் சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி இதைப் படித்தான். நெஞ்சு திடுக்கென்றது, அது உண்மை. அந்த நொடியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியிருந்தால் இதை எழுதுகிற வேலையே மிச்சம். ஆனால் அடுத்த நொடி அவன் கண் சாமையில் விழுந்து, அங்கிருந்து ஆமைக்குத் தாவி, வெள்ளியைத் தொட்டு, தள்ளியில் போய்க் குளிர்ந்துவிட்டது. அடடா, எதுகை. அப்புறம் எங்கே நெஞ்சு, எங்கே திடுக்கு? பாறைமேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பதில் எழுதினான்:

“அடி எதுகை அருமை. மோனை உண்டு. இயைபு இல்லை, அரை மார்க்குக் குறைவு. பேச்சு வழக்கு கலந்துள்ளது, ஒரு மார்க்குக் குறைவு. உவமை: ஆமை. உவமேயம்: நீ. உவம உருபு: போல். ‘மோகனு’ என்பது விளி. ஐந்துக்கு மூன்றரை. முயற்சி தொடரட்டும்.”

கொஞ்ச நேரம் கழித்து தேவயானியிடமிருந்து பதில் வந்தது: “சரிங்க சார்.”

பெண்ணுக்குத்தான் எவ்வளவு மரியாதை என்று மோகன் பூரித்துப்போனான். வெள்ளிக்கிழமை ட்யூஷன் முடிந்ததும் அம்மாவோடு போய்வரலாம் என்று முடிவும் செய்தான். முடிவில் ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமைதான் அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

அன்றைக்குப் பாடம் நடத்த எடுத்துக்காட்டு ஒன்று தேவைப்பட்டது. நல்ல பாட்டு கையில் இருக்கும்போது வேறெங்கே தேடுவான்? நாலு வரியையும் கரும்பலகையில் எழுதி, கீழே ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்றும் போட்டு, சீர் சீராகப் பிரிக்க ஆரம்பித்தான். முன்வரிசையில் இருந்த ரேணுகாதேவி எழுந்தாள்.

“சார், அப்புறம் அவன் போனானா?”

“எவன்?”

“அந்த ஆமை, சார்.”

“அது பாடத்துல இல்ல. உக்காரு.”

உட்காரச் சொன்னானே தவிர, அவன் கண் கரும்பலகையில் மூன்றாம் அடிக்குப் போய், வெள்ளிக் கிழமையில் நின்றுவிட்டது. சாக்பீஸை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான். அம்மாவை அழைக்கவில்லை, வெற்றிலை வாங்கவில்லை. ராஜவேலு வீட்டு வாசலில் செங்கத்து வேன் நின்றது. உள்ளே தட்டு மாற்றியாகிவிட்டது; எல்லார் வாயும் சிவந்திருந்தது.

“வா மோகனு, குந்து. காபி எடுத்தாரட்டா?” என்றாள் தேவயானி. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

ராஜவேலு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ரெண்டு வருசமா இங்கதானே கீறேன் நான்” என்றார்.

சரவணகுமார் எழுந்து இடம் விட்டான். “நீங்கதானா சார் அந்த ஆமை? நாங்க வந்ததும் வராததுமா இவங்க அந்தப் பாட்டைக் காட்டினாங்க. ‘ஆள் இன்னும் வரலியா’ன்னு கேட்டேன். ‘வந்தா வரட்டும், பாப்போம்’னாங்க. சரின்னு ஒரு மணி நேரம் தட்டைத் தொடாம குந்திகினு இருந்தோம் சார். நீங்க வரவே இல்ல.”

மோகனுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்ததோ எம்.ஏ.வும் பி.எட்.டும்.

“அணிப்பொருத்தம் சரியா கீதுங்க” என்றான்.

தேவயானி காபி எடுத்துவர உள்ளே போனாள்.

இந்த இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள், என்ன முட்டாள் இவன் என்று. சிரியுங்கள், தாராளமாக. ஆனால் அந்தப் பெண் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதின நாலு வரியைப் படித்தீர்களே, அப்போது ஐயோ பாவம் என்று முதலில் தோன்றியதா, இல்லை, இரண்டாம் எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்று கண் ஒருமுறை மேலே போய்விட்டுத் திரும்பியதா? யாரிடமும் சொல்ல வேண்டாம். உங்களுக்கும் ஏதாவது சேதி வந்து கிடக்கிறதா என்று மட்டும் போனை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.