பாதிரியாரின் பச்சைத்தண்ணீர்

நேர்முகத் தேர்வுக்கு ஒன்றுமே படிக்காமல் போகிறவன் எப்படியாவது தப்பிவிடுவான். விழுந்து விழுந்து படித்துக்கொண்டு போகிறவனை ஒருவராலும் காப்பாற்ற முடியாது. நான் விழுந்து விழுந்து படித்துக்கொண்டுதான் போனேன். இத்தனைக்கும் தேர்வு எனக்கில்லை, என் ஏழு வயது மகள் ஆரணிக்கு.

பாரிசிலிருந்து லண்டனில் தோர்ன்டன் ஹீத்துக்கு நாங்கள் குடிவந்த புதிது. கடைகளில் நிற்கும் பெரிய ஃபிரிட்ஜுகளைத் திருத்துவது என் தொழில். மனைவி வசந்திக்கு மருந்துக்கடையில் வேலை. எங்கள் பஸ் போகும் வழியில் ஒரு தனியார் பள்ளி இருந்தது. ஆங்கிலேயர் 'பிரெப்' என்று சொல்வார்களே, பெரிய பள்ளிகளுக்குப் பிள்ளைகளைச் சிறுவயதிலேயே தயார்ப்படுத்தும் இடம். செங்கல் கட்டடம், மணிக்கூண்டு, புல்வெளி நடுவே ஒரு கிழட்டு மரம். பள்ளியின் கோடைச் சந்தைக்குத் தாயும் மகளும் ஒருநாள் போனபோது, பிள்ளைகள் அந்த மரத்தில் ஏற, ஆசிரியர்கள் கீழே நின்று கைதட்டினார்களாம். அன்றிலிருந்து ஆரணிக்கு வேறு பள்ளி பிடிக்கவில்லை. அவள் வகுப்பில் ஒரே ஒரு இடம்தான் காலி.

பள்ளியின் சரித்திரத்தை இணையத்தில் தேடிப் படித்தேன். விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரு பாதிரியார் தன் வீட்டிலேயே சில பையன்களை வைத்துத் தொடங்கியது. விடிய முதல் எல்லோருக்கும் பச்சைத்தண்ணீரில் குளிப்பு. லத்தீனில் பிழை விட்டால் பிரம்பு. எனக்கு மெய்சிலிர்த்தது. (அந்தப் பக்கத்தில் கீழே இன்னும் நிறைய இருந்திருக்கிறது. நான் கீழே போகவில்லை. ஒரு கசாப்புக் கடையில் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டதென்று போன் வந்துவிட்டது.)

தலைமை ஆசிரியை உயரமான பெண்மணி. பாவாடை முழுக்க நாய்மயிர். தேர்வன்று தானே எங்களைச் சுற்றிக் காட்டினார். நடைபாதையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பள்ளியைத் தொடங்கிய பாதிரியாரின் பழைய தொப்பி, மணி, பிரம்பு.

நான் வசந்தியை இடித்தேன். "கண்டனீரே? பிரம்பு இன்னும் வச்சிருக்கினம்."

"வாயை மூடிக்கொண்டு வாங்கோ."

அறையில் தேநீர் தந்தார்கள். மேசைக்கடியில் கிழட்டு நாயொன்று தூங்கியது. ஆரணி அதன் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கள் பள்ளியில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று தலைமை ஆசிரியை கேட்டார்.

வசந்தி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"குளிப்பு," என்றேன் ஆங்கிலத்தில். "விடியற்காலைப் பச்சைத்தண்ணீர்க் குளிப்பு. அதற்குப் பிறகு, பிரம்பு."

அவர் தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"வீட்டில் நாங்கள் அடிப்பதில்லை. வேலைக்குப் போய்வந்தால் அதற்கு எங்கே நேரம்? அதனால்தான் இங்கே கொண்டுவருகிறோம்."

(என் ஆங்கிலத்தில் பிரெஞ்சு வாடை அடிக்கும். பிள்ளைக்கு அடிப்பதைப் பற்றிச் சொன்னாலும் சமையல்குறிப்பு மாதிரித்தான் கேட்கும்.)

வசந்தியின் குதிக்கால் என் பாதத்தில் இறங்கியது.

"ஐயா," என்றார் தலைமை ஆசிரியை, மிகவும் கவனமாக. "பிரம்பை நாங்கள் கைவிட்டு நெடுங்காலம். இப்போது அது சட்டப்படி குற்றம். குளியலறையை நூலகமாக்கிவிட்டோம்."

சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும், அடிக்கிற வீடென்று கவுன்சில் அதிகாரிகள் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதுவரை மனக்கண்ணில் ஓடியது.

"போச்சு," என்றாள் வசந்தி தமிழில். "எழும்புங்கோ, போவம்."

அப்போதுதான் மேசைக்கடியிலிருந்து ஆரணியின் குரல் வந்தது. "அப்பா ஒருவருக்கும் அடிக்க மாட்டார். சிலந்தியைக்கூடக் கடதாசியில் ஏற்றி வெளியில் விடுவார். அவருக்கு ஜூலையிலும் சுடுதண்ணீர்தான் வேண்டும்." அவள் தலையை மட்டும் வெளியே நீட்டினாள். "மிஸ், அந்தப் பாதிரியாரும் பச்சைத்தண்ணீரில்தானா குளித்தார்?"

தலைமை ஆசிரியை குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். "தெரியவில்லையே. இதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை." பிறகு சிரிக்கத் தொடங்கியவர், நாய் விழித்துக் குரைக்கும்வரை நிறுத்தவில்லை.

பஸ்ஸில் வசந்தி ஆரணியோடு வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான், "ஃபிரிட்ஜோட கதைக்கிற ஆள் மனுசரோட கதைக்க வெளிக்கிட்டால் இப்பிடித்தான்," என்றாள். இரவுச் சாப்பாட்டில் ஆரணி மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த கிழமை பள்ளியிலிருந்து போன் வந்தது. இடம் ஆரணிக்கு. வசந்தி போனை வைத்துவிட்டு, பகை மறந்து, என்னைக் கட்டிப்பிடித்தாள்.

முதல் நாள் காலையில் தலைமை ஆசிரியை வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கைகொடுத்தார். ஆரணியைக் கண்டதும் குனிந்தார்.

"உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எங்கள் பழைய சரித்திர ஆசிரியரிடம் கேட்டேன். பையன்களுக்குத்தான் பச்சைத்தண்ணீர். பாதிரியாருக்கு வேலைக்காரப் பெண் தினமும் கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுபோவாளாம்."

ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதன்பிறகு 'போயிட்டு வாறன்' என்றுகூடச் சொல்லாமல் மரத்தை நோக்கி ஓடிவிட்டாள்.

அவள் இப்போது பெரிய பள்ளிக்குப் போய்விட்டாள். ஆனால் வீட்டில் நான் ஏதாவது சட்டம் போட்டால் போதும், 'நேரத்துக்குப் படுங்கோ' என்றாலும் சரி, 'போனை வையுங்கோ' என்றாலும் சரி, "ஓம் ஃபாதர்," என்று தாயும் மகளும் ஒன்றாகச் சொல்வார்கள்.

போன மார்கழியில் எங்கள் வீட்டுச் சுடுதண்ணீர் பாய்லர் பழுதாகிவிட்டது. (நான் குளிராக்குகிறவன். சூடாக்கத் தெரியாது.) துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஆரணி, கையில் ஆவி பறக்கும் கேத்தலோடு.

"ஃபாதர், உங்கட தண்ணி."

கீழே வசந்தி சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.