மருமகன் ஊதிய கெசட்டுகள்

எங்கள் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடைய வாப்பா கட்டித் தருவது. கட்டில், அலுமாரி, குசினிச் சாமான் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாப்பிள்ளை கொண்டுபோக வேண்டியது உடுக்க நாலு சாரனும் கொஞ்சம் மரியாதையும்தான். சாரனை நான் மறக்காமல் கொண்டுபோனேன்.

அத்துடன் கொழுத்த முதுகு வைத்த ஒரு பழைய டிவியையும், கயிறு போட்டுக் கட்டிய இரண்டு காட்போட் பெட்டிகளையும் நிந்தவூரிலிருந்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கல்முனைக்குடியில் இருந்த பெண் வீட்டில் போய் இறங்கினேன். மாமா வாசலில் நின்று அந்த டிவியை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். "மகன், உள்ளுக்க புது டிவி வாங்கி மாட்டி வெச்சிரிக்கே" என்றார். "இது வேற தேவைக்கு மாமா" என்றேன். அவர் சவளக்கடையில் வயல் செய்கிற மனிதர், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற மரைக்கார்களில் ஒருவர். தேவையில்லாத கேள்வி கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

பெட்டிகளுக்குள் இருந்தவை ஒரு டிவி கேம் மெஷினும் அதில் போட்டு விளையாடும் கெசட்டுகளும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சவூதிக்கும் கட்டாருக்கும் போனவர்கள் லீவில் வரும்போது கொண்டுவருவார்களே, அதே சாமான். கெசட் என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அடியில் பித்தளைப் பற்கள் ஒரு வரிசை. மேலே ஆயிரம் விளையாட்டு என்று எழுதியிருக்கும், உள்ளே நாலு இருக்கும். உலகமே போனில் விளையாடத் தொடங்கிய பிறகு, நான் இவற்றைத் தேடிச் சேர்க்கத் தொடங்கினேன். என் வயதுக்காரர்கள் காணி வாங்கினார்கள், கட்டார் போனார்கள், கடை போட்டார்கள். நான் கொழும்பில் யாரோ ஒருவருடைய பரணில் கிடந்த கெசட்டுக்காகப் பேஸ்புக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

சேர்த்தால் மட்டும் போதுமா, பெருமையும் அடிக்க வேண்டும். என் கூடப்பிறந்த ராத்தாவின் மகன் போனில் விளையாடிக்கொண்டிருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இதெல்லாம் ஒரு விளையாட்டாடா" என்று தொடங்குவேன். அந்தக் காலத்துச் சதுரப் புள்ளிகளின் அழகு என்ன, பழைய டிவியில் பார்த்தால்தான் அதன் உண்மையான நிறம் தெரியும் என்பது என்ன, அரை மணித்தியாலம் வகுப்பு நடக்கும். (அவன் அதற்குள் ஏழெட்டுப் பேரைச் சுட்டு முடித்திருப்பான்.)

என் மனைவி றிஸ்னாவிடம், கலியாணத்துக்கு முன்பு போனில் கதைக்கும்போது, "பழைய பொருட்கள் சேகரிக்கிறேன்" என்று சொல்லியிருந்தேன். அவள் காசு, முத்திரை என்று நினைத்துக்கொண்டாள். பெட்டியைத் திறந்த அன்று விரல் நுனியால் ஒரு கெசட்டைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "இஞ்ச பாருங்க, இது உம்மாக்குத் தெரியப்படா. பேங்கில வேலை செய்யிற மருமகன் எண்டு ஊரெல்லாம் சொல்லி வெச்சிரிக்கா. விளையாட்டுச் சாமானோட வந்திரிக்கார் எண்டா அவ முகத்த எங்க வெப்பா?"

அவள் சொன்னது நியாயம். நானும் அலுமாரியின் மேல்தட்டில் வெள்ளைத் துணி விரித்து, கெசட்டுகளை அடுக்கி, மேலே இன்னொரு வெள்ளைத் துணி போட்டு மூடினேன். சேகரிப்பவனுக்குரிய திமிர் வேறு இருந்ததா, மாமியைக் கூப்பிட்டு உத்தரவும் போட்டேன். "மாமி, அந்தத் தட்டில ஆரும் ஈரக் கையோட தொடப்படா. கால் படுற இடத்தில வைக்கவும் கூடா."

மாமி மேல்தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலைச்சீலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "ஓம் மகன்" என்றார். குரல் ஏன் அப்படித் தாழ்ந்தது என்று நான் யோசிக்கவில்லை.

இனி ஊதுகிற கதைக்கு வருகிறேன். எங்கள் பின்வளவைத் தாண்டினால் கடல்தான். உப்புக்காற்றுப் பட்டால் பித்தளைப் பற்கள் மங்கிவிடும், கெசட்டைப் போட்டால் டிவியில் வெறும் சாம்பல் நிறம்தான் வரும். அப்போது கெசட்டை எடுத்து, வாயருகே வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஊத வேண்டும். விளையாடிய எல்லோருக்கும் இது தெரியும். ஊதுவது கூடாத வேலை, எச்சில் பட்டுத் துருப்பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஊதாதீர்கள் என்று பேஸ்புக்கில் நீளமாக எழுதி நூறு பேருக்குப் புத்தி சொன்னவனே நான்தான். ஆனால் கெசட் கைக்கு வந்ததும் வாய் தானாகக் குவிந்துவிடும். எந்தக் காரியத்துக்கும் முதலில் அல்லாஹ்வின் பேரால் பிஸ்மி சொல்லப் பழக்கியவர் என் உம்மா. எனவே இரவில் இஷா தொழுதுவிட்டு வந்து, அறைக் கதவைச் சாத்தி, வெளியே கேட்காமல் டிவியின் சத்தத்தை அடக்கி, ஒவ்வொரு கெசட்டாக எடுத்து, பிஸ்மி சொல்லி, மூன்று தரம் ஊதுவேன்.

கதவைச் சாத்தினேன். ஜன்னலைச் சாத்தவில்லை. ஜன்னல் மாமியின் குசினியைப் பார்த்தபடி இருந்தது.

அதன் பிறகு என் சாப்பாட்டுப் பீங்கானில் மாற்றங்கள் தெரிந்தன. மீன் தலை எனக்கு வந்தது. எருமைத் தயிரின் மேலாடை எனக்கு வந்தது. நான் வந்தால் மாமி கதிரையிலிருந்து எழும்பினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைக் கண்டால் குரலைக் குறைத்தார்கள். இவ்வளவுக்கும் காரணம் என்னுடைய நற்குணம் என்று நான் முடிவு செய்தேன். நிந்தவூருக்குப் போன் எடுத்து, மாமி வீட்டில் எப்படிப் பேர் எடுப்பது என்று என் தம்பிக்கு ஆலோசனையும் வழங்கினேன்.

ஒரு சனிக்கிழமை காலை மேல்தட்டுத் துணியைத் தூக்கினேன். பாதிக்கு மேல் கெசட்டுகள் இல்லை. முன் வரிசையில் வைத்திருந்த என் உயிர், ஜப்பானில் செய்த அந்த அசல் மீன்பிடி கேம், அதுவும் இல்லை. இரண்டு வருடம் தேடிக் கிடைத்தது அது. குசினிக்கு ஓடினேன்.

"ஆ, அதுவா மகன்" என்றார் மாமி, கீரை ஆய்ந்துகொண்டே. "தேவைப்பட்ட ஆக்களுக்குக் குடுத்தன். கை கால் கழுவி வுளூ எடுத்திட்டுத்தான் தொட்டன், பயப்படாதீங்க. ஸாஜிதாட புள்ள ராவைக்கு அழுகுது, தலைமாட்டில வெக்கச் சொன்னன். றகுமாட மாடு பால் சுரக்கிதில்ல, பட்டியில கட்டியிரிக்காங்க. நம்மட ஹனீபா காக்கா ஒலுவில்ல இருந்து போட் கொண்டு போறார், மீன் படுகுதில்ல எண்டு அழுதார். அவருக்கு ஒண்டு."

"மாமி, அதெல்லாம் எதுக்கு?"

"மறைக்காதீங்க மகன். நீங்க ராவையில பிஸ்மி சொல்லி ஓதி ஊதுறத்த நான் ஜன்னலால கண்டுட்டன். ஆருக்கும் காட்டாம செய்யிறீங்க பாருங்க, அதுதான் பெரிய குணம். மாஷா அல்லாஹ்."

பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் மார்க்கம் படித்த பெரியவர்கள் ஓதித் தண்ணீரில் ஊதிக் கொடுப்பது எங்கள் ஊரில் உண்டு. மாமி என்னை அந்த வரிசையில் சேர்த்துவிட்டிருந்தார். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமியின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கோ மீன் தலை பழகிவிட்டிருந்தது. நான் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

றிஸ்னா கட்டிலில் விழுந்து தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "சொல்லுங்க, போய்ச் சொல்லுங்க. ஓதி ஊதல்ல மாமி, யுத்தத் தாங்கி கேம் விளையாடினன் எண்டு சொல்லுங்க."

நான் அதைவிடப் புத்தியான ஒரு வழி கண்டுபிடித்தேன். "மாமி, கொஞ்ச நாள் போனா அதுகள மறுகா ஒருக்கா ஊத வேணும். எல்லாரையும் திருப்பிக் கொண்டு வரச் சொல்லுங்க" என்றேன். வந்ததும் வாங்கி வைத்துக்கொண்டு, கிழமைக்கணக்கில் இழுத்தடித்து மறக்கடித்துவிடுவது என் திட்டம்.

அன்று பின்னேரமே, அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். கெசட் கிடைத்தவர்களும் வந்தார்கள், கெசட் கிடைக்காதவர்களும் வந்தார்கள். வாசலிலிருந்து கேற் வரை வரிசை. மாமி எல்லோரையும் இருத்தி, இஞ்சித் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் இருந்து, கெசட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி, பற்களில் கீறல் விழுந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கூட்டம் அதையும் பக்தியோடு பார்த்தது.

அப்போதுதான் ஸாஜிதா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். பிள்ளை அழவில்லை. கண்ணை அரைவாசி மூடிச் சோர்ந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், நெருப்பாகச் சுட்டது.

"மருந்து எடுத்தீங்களா?"

"இல்ல. உங்கட பெட்டி தலைமாட்டில கிடக்குதானே எண்டு இரிந்திட்டன்."

அவ்வளவு நாளும் வெட்கத்துக்குப் பயந்த நான், அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் உண்மையாகப் பயந்தேன். எழும்பி நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "இது விளையாட்டுச் சாமான். டிவி கேம். இதில ஒண்டும் இல்ல. தங்கச்சி, புள்ளைய இப்பவே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க."

ஒருவரும் அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள், "பெரிய ஆக்கள் இப்பிடித்தான் தங்கள மறைப்பாங்க."

"அல்லாஹ்வுக்காக நம்புங்க. இரிங்க, காட்டுறன்."

அறைக்குள் ஓடி, கொழுத்த டிவியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து ஹோலில் வைத்தேன். மெஷினை எடுத்து வயர்களைக் கொழுவினேன். கையில் அகப்பட்ட தாங்கி கேம் கெசட்டைப் போட்டேன். சாம்பல் நிறம். மறுபடி போட்டேன். மறுபடியும் சாம்பல் நிறம். கெசட்டை இழுத்தெடுத்து, யோசிக்காமல், பிஸ்மி சொல்லி மூன்று தரம் ஊதிப் போட்டேன். டிவியில் பளிச்சென்று வெளிச்சம் வந்தது. இசை முழங்கியது.

"பாத்தீங்களா" என்றார் மாமி கூட்டத்தைப் பார்த்து. "ஊதினாப் பிறகுதான் வெளிச்சம் வந்திச்சு."

இனி வேறு வழி இல்லை. முப்பத்து மூன்று வயதில், வங்கி அதிகாரியாகிய நான், அயலவர்கள் முன்னால் நிலத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாங்கி ஓட்டத் தொடங்கினேன். செங்கல்லை உடைத்தேன். எதிரித் தாங்கிகளைச் சுட்டேன். என் தாங்கி செத்தபோது (கூட்டம் பார்க்க விளையாடிப் பழக்கமில்லை, மற்றும்படி நான் அவ்வளவு மோசம் இல்லை) ஒரு கிழவர் மரணச் செய்தி கேட்டவர் போல "இன்னாலில்லாஹ்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா உள்ளே வந்தார். மருமகன் ஓதி ஊதிக் கூட்டம் சேர்க்கிறார் என்று பள்ளியில் யாரோ சொல்ல, விசாரிப்பதற்கு மௌலவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மௌலவிக்கும் என் வயதுதான் இருக்கும். டிவியைப் பார்த்தார், நிலத்தில் இருந்த என்னைப் பார்த்தார், மேசையிலிருந்து ஒரு கெசட்டை எடுத்துத் திருப்பினார். அவர் வாயும் தானாகக் குவிந்தது. ஊதினார்.

பிறகு சபையைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "இது டிவி கேம். நானும் சின்ன வயசில விளையாடினதுதான். தூசி போறதுக்கு ஊதுற. இதில பறக்கத், அல்லாஹ்ட அருள் இரிக்கி எண்டு நினைக்கிறது பிழை. புள்ளைக்குக் காய்ச்சல் எண்டா டொக்டர்ட்டப் போங்க, துஆவும் செய்யுங்க."

நான் அரை மணித்தியாலம் உயிரைக் கொடுத்துச் சொன்னதை அவர் ஒரு நிமிடத்தில் நம்பவைத்தார். மாமா ஸாஜிதாவையும் பிள்ளையையும் தன் வேனிலேயே ஏற்றிக்கொண்டு போனார். வெறும் காய்ச்சல்தான், இரண்டு நாளில் பிள்ளை எழும்பி ஓடியது, அல்ஹம்துலில்லாஹ். கூட்டம் கலைந்தது. மௌலவி மட்டும், அடுத்த கட்டத்தில் என்ன வரும் என்று பார்க்க, பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை இருந்தார்.

மாமி என்னோடு கதைக்கவில்லை. மீன் தலை மாமாவின் பீங்கானுக்குத் திரும்பிப் போனது. தயிரில் மேலாடை இல்லை. கெசட்டுகள் எல்லாம் வந்துவிட்டன, என் மீன்பிடி கேமைத் தவிர. போட் கடலில் நின்றதால் ஹனீபா காக்கா அன்று வரவில்லை. அடுத்த ஞாயிறு நானே ஒலுவில் துறைமுகத்துக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். என் கெசட் பொலித்தீன் பையில் சுற்றி, சுக்கானுக்குப் பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது.

"காக்கா, அது வெறும் கேம். ஊதினதுல ஒண்டும் இல்ல."

"தெரியும் தம்பி, ஊரே சிரிக்கிது. என்ன கேம் இது?"

பொய் சொல்லியிருக்க வேண்டும். இனிப் பொய் சொல்வதில்லை என்று நான் முடிவெடுத்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. "மீன் பிடிக்கிற கேம்" என்றேன்.

ஹனீபா காக்கா பொலித்தீனுக்குள்ளால் படத்தை உற்றுப் பார்த்தார். தூண்டில், அலை, வாயைப் பிளந்த ஒரு பெரிய மீன். "அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திரிக்கி" என்றார். "ஓதினதோ ஓதல்லயோ எனக்குத் தெரியா. இது வந்த நாள்ல இருந்து பாரை படுகுது. கழட்டமாட்டன்."

"வேறொண்டு தாறன் காக்கா."

"அது என்ன கேம்?"

"கார் ஓட்டுறது."

"கடல்ல கார எங்க தம்பி ஓட்டுற?"

கெசட்டை விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். எனக்கு முன்னால் ஹனீபா காக்கா அனுப்பிய ஒரு பாரை மீன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது, மருமகனுக்கு என்று சொல்லி. மாமி அதில் புளி விட்டு ஆணம் காய்ச்சினார். இரவு சாப்பாட்டுக்கு இருந்தபோது மீன் தலையைத் தூக்கி என் பீங்கானில் வைத்தார். பல நாளைக்குப் பிறகு என்னோடு கதைத்தார்.

"சூடு மகன்" என்றார். "ஊதித் தின்னுங்க."

முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை. மாமாவுக்குப் புரையேறிவிட்டது. றிஸ்னா எழும்பிக் குசினிக்குள் ஓடிவிட்டாள்.

அந்த வசனம் இப்போது குடும்பச் சொத்து. இன்றைக்கும் ஹனீபா காக்காவின் வலை நிறைந்தால் எங்களுக்குப் பாரை வரும், பாரையோடு அதுவும் வரும். போன மாதம் சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீடு. எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். யாரென்றே தெரியாத ஒருவர் சோற்றை என் பக்கம் தள்ளி, "ஊதிப் போட்டு எடுங்க தம்பி" என்றார். மற்ற நாலு பேரும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஊதவில்லை. சுடச்சுட அப்படியே வாய்க்குள் போட்டு, கண்ணில் தண்ணீர் வர விழுங்கினேன்.