முன்னூற்றுப் பன்னிரண்டு வாசர்

வீரக்குட்டியரின் ஸ்டவ் காற்றுப் பிடிக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பம்மை இழுத்து அடித்தால் தொட்டிக்குள் காற்று ஏற வேண்டும். காற்று ஏறினால் மண்ணெண்ணெய் மேலே வரும். வந்தால் 'புஸ்' என்று நீலமாக எரியும். இப்போது நாற்பது தரம் அடித்தாலும் பம் சும்மா போய்ச் சும்மா வந்தது. சத்தமும் இல்லை, நெருப்பும் இல்லை.

கூடாரம் அடிக்கிறவர்கள் கொண்டு திரிகிற சின்னப் பித்தளை ஸ்டவ் அது. மூன்று கால். மடக்கினால் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கும். திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரன் போகும்போது விட்டுவிட்டுப் போனான். வீரக்குட்டியரின் தகப்பன் எடுத்து வைத்துக்கொண்டார். சரித்திரம் முடிந்தது.

வீரக்குட்டியருக்கு வயது எழுபத்தொன்று. வருஷாவருஷம் வேலோடு கதிர்காமத்துக்கு நடந்துபோகிற கூட்டத்தில் அவரும் ஓர் ஆள். அரிசி மூட்டை தூக்க ஏலாது. பாடச் சொன்னால் முன்னால் போகிறவர்கள் இன்னும் வேகமாக நடப்பார்கள். பத்தொன்பது வருஷமாக அவருக்கு அங்கே ஒரே ஓர் உத்தியோகம். விறகு நனைந்தாலென்ன, காற்று அடித்தாலென்ன, காலையும் மாலையும் அந்த ஸ்டவ்வில் முப்பது பேருக்குத் தேத்தண்ணீர். கேத்தில் சின்னது, ஆகையால் ஆறு தவணையில். ஸ்டவ் எரிந்தால் அவர் தேத்தண்ணி ஐயா. எரியாவிட்டால் கூட்டத்துக்கு ஒரு சுமை.

பழுதுக்குக் காரணமும் அவர்தான். யாத்திரை முடிந்து வந்ததும் ஸ்டவ்வைத் துடைத்து, திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்து, சாமித்தட்டில் ஏற்றிவிடுவார். முருகனுக்கு அடுத்தபடி அதுதான். போன வருஷம் பக்தி கொஞ்சம் கூடிப் பம்முக்குள்ளும் திருநீறு போட்டுவிட்டார். பம்முக்குள் இருப்பது ஒரு தோல் வாசர். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. எண்ணெயில் ஊறிக் கிடக்க வேண்டிய சாமான். திருநீறு எண்ணெயைக் குடித்தது. வாசர் காய்ந்து, அப்பளம்போல நொறுங்கிப் போயிற்று.

"உங்கட பழைய தோல் செருப்பு வீட்டுக்குப் பின்னால கோடிக்குள்ள கிடக்கு," என்றார் மனைவி கனகமணி. "ஒரு துண்டை வட்டமா வெட்டித் தேங்காயெண்ணெய்க்குள்ள ஊறப்போட்டு வைச்சுப் பாருங்கோவன்."

"செருப்போ? சாமித்தட்டில இருக்கிற சாமானுக்கோ?"

"இவ்வளவு நாளும் உள்ளுக்க இருந்தது என்னவாம்? மாட்டுத்தோல்தானே?"

வீரக்குட்டியர் சாமித்தட்டைப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக மாட்டுத்தோலுக்குச் சாம்பிராணி காட்டியிருக்கிறார். பிறகு சொன்னார்:

"அது லண்டன் மாடு. நீ பேசாம இரு."

லண்டன் சாமானுக்கு லண்டன் வாசர்தான் போட வேண்டும். இது அவருடைய கொள்கை. மனிதனுக்குக் கொள்கை வந்தால் அலைச்சலும் வரும்.

அன்று திங்கட்கிழமை. நடைக்கூட்டத்தின் தலைவர் பாக்கியரத்தினம் போன் எடுத்தார்.

"அண்ணை, வேலோட புல்மோட்டை தாண்டிட்டம். வெள்ளி விடிய உங்கட ஊரால வெளிக்கிடுவம். ஸ்டவ் சரியோ?"

"சரி வரும்."

"வராட்டிப் பரவாயில்லை. என்னட்டப் புதுக் காஸ் குக்கர் ஒண்டு இருக்கு. போனில ஓடர் பண்ணினது. மடிச்சுச் சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைக்கலாம். நீங்கள் வீட்டில இருந்து கும்பிடுங்கோ. முருகன் எல்லா இடத்திலயும் இருக்கிறார்தானே."

எல்லா இடத்திலும் இருப்பவரைப் பார்க்க பாக்கியரத்தினம் மட்டும் ஏன் நடந்து போகிறார் என்று வீரக்குட்டியர் கேட்கவில்லை. போனை வைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உப்புவெளிக்குப் பஸ் ஏறினார்.

உப்புவெளியில் மதிசுதன் என்ற இளைஞன் ஒரு கோப்பிக்கடை வைத்திருந்தான். ஓடாத மணிக்கூடு, பாடாத ரேடியோ, தைக்காத தையல் மெசின். வேலை செய்கிற எதற்கும் அங்கே இடமில்லை. முற்றத்தில் கூடாரம் அடித்து, அதற்குள் மின்விசிறியும் பூட்டி, கொழும்பிலிருந்து வந்த நாலு பேர் காட்டு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கோப்பி கடைக்குள்ளிருந்து வந்தது. படம் மட்டும் கூடாரத்துக்குள் எடுக்கப்பட்டது.

சுவரில் அதே ஸ்டவ். அதே கம்பனி. அதற்குள் ஒரு கொடி வளர்ந்துகொண்டிருந்தது.

"தம்பி, இதின்ர வாசரைக் கழட்டித் தா."

"ஐயோ அங்கிள், கழட்டினா ஒரிஜினல் போயிடும்."

"இது வேலை செய்யுதோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

"வேலை செய்தால் அது வெறும் ஸ்டவ், அங்கிள். செய்யாட்டித்தான் வின்டேஜ். உங்கடதும் இப்பதான் வின்டேஜ் ஆகியிருக்கு. ஏன் கெடுக்கிறீங்கள்? தாங்கோ, பக்கத்தில மாட்டி விடுறன்."

வீரக்குட்டியர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மதிசுதனுக்கு மனம் இளகியது.

"துறைமுகத்தடியில ஒரு ஒஃபிஸ் இருக்கு. வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன சாமான் எல்லாம் அவங்கட பொறுப்பு. ஒரு அலுமாரி நிறைய இந்த வாசர் இருக்கெண்டு கேள்வி."

அந்த இடத்தின் பெயர் கைவிடப்பட்ட பொருட்கள் பேணல் பணிமனை. வெள்ளைக்காரன் திரும்பி வந்து கணக்குக் கேட்டால் உடனே பட்டியல் நீட்ட ஆயத்தமாக இருந்தது நாட்டிலேயே அது ஒன்றுதான். அவன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வீரக்குட்டியர் வந்தார்.

முன்மேசையில் பதிவு எழுதுகிற லிகிதர் துசானி.

"என்ன அலுவல் ஐயா?"

"வாசர் ஒண்டு வேணும்."

"என்னத்துக்கு?"

வீரக்குட்டியர் பெட்டியைத் திறந்து காட்டினார். பம்முக்குள் திருநீறு போட்டதற்குப் பிறகு அவர் செய்த பெரிய பிழை அதுதான்.

"இது ஆர்ட?"

"என்ர."

"அதுக்கு முதல்?"

"அப்பான்ர."

"அதுக்கு முதல்?"

"ஒரு வெள்ளைக்காரன்ர."

"தந்தவரோ, விட்டிட்டுப் போனவரோ?"

யோசித்துப் பொய் சொல்ல அவகாசம் இருக்கவில்லை.

"விட்டிட்டுப் போனவன்."

"அப்ப இது எங்கட," என்று துசானி பெட்டியை மூடித் தன் பக்கம் இழுத்தாள். கோபமில்லை, சிரிப்பில்லை. ஒரு துண்டு எழுதிக் கொடுத்தாள். 'கைவிடப்பட்ட சுடுகருவி, பித்தளை, ஒன்று. நிலை: பழுது.'

"பிள்ளை, நான் வாசர் வாங்க வந்தனான்!"

"உடைமையாளருக்குத்தான் வாசர் குடுக்கலாம் ஐயா. இப்ப உடைமையாளர் நாங்கள்."

"அப்ப நீங்களே போட்டுத் தாங்கோ."

"உதவிப் பணிப்பாளர் மேல இருக்கிறார். கதைச்சுப் பாருங்கோ."

உதவிப் பணிப்பாளர் தர்மசீலன் ஒரு பெரிய தோல் கதிரையில் இருந்தார். அதுவும் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. பதிவேட்டில் ஏழாம் இலக்கம். அதில் இருக்கிறவர் எழும்புவது அருமை. அவ்வளவு மெத்தை.

"சேர், வாசரும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். என்ர ஸ்டவ்வைத் தாங்கோ, நான் போறன்."

"பழுதான பொருளை வெளிய விட ஏலாது. பணிமனைக்கு மரியாதை இல்லை."

"அப்ப திருத்தித் தாங்கோ."

"திருத்தினதையும் விட ஏலாது. நல்ல பொருளை ஏன் குடுத்தனீர் எண்டு கேள்வி வரும்."

"அப்ப எந்தப் பொருளைத்தான் குடுப்பியள்?"

தர்மசீலன் யோசித்தார். இத்தனை வருஷச் சேவையில் ஒருவரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

"எக்காலத்திலயும் திருத்த இயலாது எண்டு குழு தீர்மானிச்சால், கழிவுப் பொருளாகக் குடுக்கலாம். வியாழக்கிழமை குழு கூடுது."

"ஒரு வாசர் போட்டால் எரியுமே சேர். அலுமாரி நிறைய வைச்சிருக்கிறியளாம்."

"வைச்சிருக்கிறம். முன்னூற்றுப் பன்னிரண்டு." தர்மசீலன் பெருமையோடு பதிவேட்டைத் திறந்து காட்டினார். சிவப்பு மையில் இருந்தது: தோல் வாசர், 312. பிறகு அலுமாரியையும் திறந்து காட்டினார். உள்ளே கிழிந்த கடதாசிப் பொட்டலங்கள் கிடந்தன. எலிப் புழுக்கை கிடந்தது. ஒரு பெரிய எலியும் இருந்தது. நல்ல தேகம். தலைமுறை தலைமுறையாக அரசாங்கச் சாப்பாடு.

"ஒண்டும் இல்லையே!"

"ஏன் இல்லை? முன்னூற்றுப் பன்னிரண்டு இருக்கு." பதிவேட்டைத் தட்டினார்.

"அப்ப அதில ஒண்டு தாங்கோ."

"எங்கயிருந்து தர? இப்ப உங்கட கண்ணாலயே பார்த்தனீங்கள்தானே."

"அப்ப வெளிய வாங்கிப் போடுங்கோ."

தர்மசீலனுக்கு உண்மையாகவே மனம் நொந்தது. "பெரியவர், கையிருப்பில முன்னூற்றுப் பன்னிரண்டு இருக்கேக்க வெளிய வாங்கிறது குற்றம்."

வீரக்குட்டியர் படியிறங்கினார். புதன்கிழமை பாக்கியரத்தினத்தின் போன் வந்தது: குச்சவெளிக்கு வந்தாயிற்று, ஸ்டவ் சரியோ? கனகமணி எடுத்து, "அவர் குளிக்கிறார்," என்றார். அன்று மூன்று தரம் குளித்தார்.

வியாழன் காலை போய்ப் பணிமனை வாங்கில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்குக் குழு கூட வேண்டும். பத்தரைக்குத் துசானி வந்தாள்.

"கூட்டம் இண்டைக்கும் நடக்கிறது சந்தேகம் ஐயா."

"ஏன்?"

"தேத்தண்ணி இல்லை. தேத்தண்ணி இல்லாமக் குழு இருக்காது. குசினியில காஸ் முடிஞ்சு மூண்டு கிழமை."

"காஸ் வாங்கிறதுதானே?"

"குழு தீர்மானிச்சால்தான் வாங்கலாம்."

வீரக்குட்டியர் விரல் விட்டு எண்ணினார். நாளை விடிய வேல் வரும். முப்பது பேரும் போவார்கள். இவர் வீட்டில் இருந்து எல்லா இடத்திலும் இருக்கிற முருகனைக் கும்பிட வேண்டும். தண்ணீர் கேட்டுக் குசினிக்குள் போனார்.

அங்கே அவருடைய ஸ்டவ் இருந்தது. களஞ்சியத்தில் இடமில்லையாம். பக்கத்தில் தேத்தண்ணீர் போடுகிற பெண், சித்தி பரீதா என்று பெயர். கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். மூன்று கிழமையாக வெறுங் கேத்திலைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்.

"உங்கடயா இது? என்ன வருத்தமாம் இதுக்கு?"

"வாசர் போயிட்டுது, தங்கச்சி."

"வேற?"

"வேற ஒண்டுமில்லை."

"இந்த வாசருக்கா மேல குழு கூடுறாங்க?"

பரீதா கத்தியை எடுத்தார். மாடிக்குப் போனார். தர்மசீலன் கூட்ட அறையில், கூட்டம் நடக்குமா என்று கூடிப் பேசிக்கொண்டிருந்தார். பரீதா போன வேகத்தில் திரும்பி வந்தார். கையில் தடித்த தோல் துண்டு ஒன்று. பழைய வாசரை வைத்து வட்டமாக வெட்டினார். தேங்காயெண்ணெயில் ஊறவிட்டார். போத்தல் மூடிக்குள் பெருவிரலால் அமத்திக் கிண்ணம்போல வளைத்தார். பம்மைத் துடைத்தார்.

"என்ன சாம்பல் ஐயா உள்ளுக்கு?"

வீரக்குட்டியர் கூரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இது என்ன தோல், தங்கச்சி?"

"துரைட கதிரைத் தோல். அடியில வெட்டின, தெரியாது."

"வெள்ளைக்காரன்ர கதிரையோ?"

"ஓம்."

வீரக்குட்டியரின் முகம் மலர்ந்தது. லண்டன் மாடு. கொள்கை உயிர் தப்பியது.

பம்மில் பத்துத் தரம் அடி. ஒரு நெருப்புக்குச்சி. 'புஸ்.'

பதினொன்றரைக்குக் குழு கூடியது. ஐந்து பேருக்கும் சுடச்சுடத் தேத்தண்ணீர். தர்மசீலன் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

"பரீதா, மணியான தேத்தண்ணி. காஸ் வந்திட்டுதோ?"

"இல்லை சேர். அந்த ஸ்டவ்வுல போட்டது."

"நல்லது, நல்லது." அவர் கடதாசியைப் பார்த்து வாசித்தார்: "விடயம் ஒன்று. மேற்படி பித்தளைச் சுடுகருவி உதிரிப்பாகம் இன்மையால் முற்றாகச் செயலிழந்துள்ளது. எக்காலத்திலும் திருத்த இயலாதது. கழிவாகக் கையளிக்கலாம். ஆட்சேபனை?"

ஒருவருக்கும் ஆட்சேபனை இல்லை. இருவர் இன்னொரு கோப்பை கேட்டார்கள்.

"விடயம் இரண்டு. குசினிக்குக் காஸ். தேத்தண்ணிதான் வருகுதே, என்னத்துக்கு?"

அதுவும் ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

துசானி கடிதத்தையும் பெட்டியையும் கொடுத்தாள். கையை உதறினாள்.

"சுடுதே ஐயா!"

"பழுதுதானே பிள்ளை. அதுதான் சூடு."

வெள்ளி விடிய வேல் வந்தது. வீரக்குட்டியரும் போனார். வெருகலில் மழை பிடித்தது. பாக்கியரத்தினத்தின் குக்கர் அதற்கு முதல் நாளே நின்றுவிட்டது. அதற்குரிய காஸ் போத்தலையும் போனில்தான் ஓடர் பண்ண வேண்டுமாம், போனுக்குச் சார்ஜ் இல்லை. கூட்டம் முழுவதும் பித்தளை ஸ்டவ்வைச் சுற்றி நின்றது.

"ஆர் அண்ணை திருத்தினது?"

"லண்டன் வாசர்," என்றார் வீரக்குட்டியர். "ஒஃபிசோட சண்டை பிடிச்சு வாங்கினனான்."

"இல்லை அண்ணை, முருகன்," என்றார் பாக்கியரத்தினம்.

எல்லாரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். மதிசுதனுக்கு யாரோ படம் அனுப்பினார்கள். ஒரு நல்ல வின்டேஜ் வீணாய்ப் போய்விட்டது என்று பதில் வந்தது.

பணிமனையில் இப்போது தர்மசீலன் உட்காரும்போதெல்லாம் கதிரை 'புஸ்' என்கிறது. விசாரணை நடந்தது. பதிவேட்டின்படி அடித்தோலைத் தின்றது எலி. வருஷ முடிவு அறிக்கையில் ஒரு வரி உண்டு: திருத்தப்பட்டவை, இல்லை.

எல்லாரும் குடித்தாயிற்று. காஸும் இல்லாமல், ஸ்டவ்வும் இல்லாமல், கிண்ணியாவிலிருந்து வந்து வெறுங் கேத்திலைப் பார்த்துக்கொண்டு ஒருவர் மட்டும் இன்னும் குசினியில் இருக்கிறார். வாசர் போட்டவர் அவர்தான். சித்தி பரீதா.